சல்லிசு மாட்டிய கண்ணாடி

என் வலது கையை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. போக்குவரத்துக் காவலில் நான் இருந்த காலம் முழுக்க ஊர் அதைப் பார்த்துத்தான் நின்றது. கையைத் தூக்கினால் பஸ் நிற்கும், லாரி நிற்கும், பிண ஊர்தி நிற்கும், அதன் பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்கள் அழுகையையும் நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை தூறல்கூட நின்றது. சாட்சி கேட்காதீர்கள், எல்லோரும் குடை பிடித்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கைக்கு அடங்காத ஒரே ஜீவன் இந்த உலகத்தில் என் மனைவிதான். அவளும் ஒரு நாள் அடங்கினாள். அடங்கிய அந்த ஒரு நாள் என் வயிற்றில் கரைந்த புளியில் ஒரு தெருவே குழம்பு வைத்திருக்கலாம்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில்தான் கார் நிறுத்தும் இடம். தெரு வாசலிலிருந்து அங்கே இறங்க ஒரு சரிவு. அதைக் கட்டியவன் இடத்தை மிச்சம் பிடிக்கும் வெறியில் இருந்திருக்கிறான். ஒரு வண்டி இறங்கும்போது இரண்டு பக்கச் சுவரோரமும் ஒவ்வொரு பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சாப்பிட்ட பூனை நிற்க முடியாது. நேராக இறங்கும் சரிவு அடியில் வெடுக்கென்று மடங்கும். மேலிருந்து வருகிறவனுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான், கீழே இருப்பவனுக்கு மேலே தெரியாது. அதற்காகத்தான் அந்த மடக்கின் மூலையில், உயரத்தில், வட்டமாக ஒரு கண்ணாடி.

கண்ணாடி மட்டும் போதாது என்று எங்கள் கட்டடத்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சரிவின் பாதியில் சுவரை ஒட்டி மோட்டார் அறை. அதன் கம்பி ஜன்னல் சரிவைப் பார்த்து இருக்கும். அங்கே நின்று மேலே பார்த்தால் தெரு வாசல், கீழே பார்த்தால் மூலைக் கண்ணாடி. வாட்ச்மேன் அந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். கீழே இருக்கிற கார்க்காரர் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்ப்பார். மணிக்கட்டை நிமிர்த்தி விரல்களை மேலே காட்டினால் நில். மணிக்கட்டை மடக்கி விரல்களைக் கீழே தொங்கவிட்டு அசைத்தால் வா, குழந்தையைக் கூப்பிடுவோமே, அதேபோல. இவ்வளவுதான் சட்டம். கை சொல்லாமல் கார் நகராது. புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

பழைய கண்ணாடி பானையின் முதுகு மாதிரி வெளியே புடைத்திருந்தது. எல்லாவற்றையும் குட்டியாகக் காட்டும், ஆனால் நேராகக் காட்டும். யாரோ வீடு மாறும்போது பீரோவின் கால் இடித்து அது சுக்குநூறாகிப் போனது. புதியது வாங்கி மாட்டும் பொறுப்பு என் மச்சினனிடம் வந்தது. மனைவியின் தம்பி, இரண்டாம் மாடியில் இருக்கிறான். எதையும் மலிவாக வாங்கிவிட்டு அதைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவதால் அவனுக்குச் சல்லிசு என்று பெயர். அவன் கல்யாண மோதிரம் அவன் விரலைப் பச்சையாக்கியதைப் பற்றி இங்கே சொல்லத் தொடங்கினால் கதை முடியாது.

உடைத்த கப்பல்களின் சாமான்கள் விற்கும் கடையில் அவன் ஒரு கண்ணாடியைப் பிடித்தான். கப்பலின் தேடுவிளக்குக்குள் இருந்தது. வட்டம் சரியாக இருந்தது, பளபளப்பு கண்ணைப் பறித்தது, ஆனால் வாணலியின் உட்புறம்போல் வயிறு உள்ளே குழிந்திருந்தது.

"மாமா, கடையில மூஞ்சியைக் கிட்ட வச்சுப் பார்த்தேன். மூக்குல இருக்கற ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது. பழைய கண்ணாடி யானையை எலியா காட்டுச்சு. இது எலியை யானையா காட்டுது. காருக்கு எது பாதுகாப்பு, நீங்களே சொல்லுங்க!"

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏணி போட்டு ஏறி மாட்டினான். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று துண்டால் துடைத்து, மீசையை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துக்கொண்டு இறங்கினான். ஏணியில் காலைப் பார்த்தே இறங்குகிற ஆள். இறங்கியவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தூரத்தில் நின்று அந்தக் கண்ணாடியை யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

என் மனைவிக்கு அந்த வாரம்தான் லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. பேரன் பேத்தி எடுத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அன்று முதல்முறையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். தங்கை வீட்டுக்காரர் அவள் ஓட்டப் போவதைக் கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை ஹாரனாலேயே அடைப்பாளாம்.

"நானும் கூட வரேன்" என்றேன்.

"வேண்டவே வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவீங்க. அந்தக் காலைப் பார்த்தா என் கால் ஓடமாட்டேங்குது."

"சரிவு மட்டுமாவது..."

"சரிவுக்கு வேணும்னா கை காட்டுங்க. வாட்ச்மேன் எங்கேயோ போயிருக்கார். கை மட்டும்தான், வாய் வேண்டாம்."

"என் கையை நீ பார்ப்பியா?"

"இன்னிக்கு ஒரு நாள் பார்க்கறேன் போங்க. வான்னா வரேன், நில்லுன்னா நிக்கறேன். நானா எதையும் யோசிக்க மாட்டேன். போதுமா?"

எனக்கு வானம் கைக்கு எட்டியதுபோல் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், அது வெளியே திறக்கும் கதவு. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முழங்கை வரை கையை நீட்டி, நில் என்று மணிக்கட்டை நிமிர்த்தினேன். தெருவைப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம் என்று எண்ணம். பிறகு ஒய்யாரமாகக் கண்ணாடியைப் பார்த்தேன்.

கார் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சக்கரங்கள் மேலே, கூரை கீழே. வௌவால் ஒன்று ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்ததுபோல் என் மனைவியின் சின்னக் கார் கண்ணாடிக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கியது. எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது. சல்லிசு கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். வட்டமான சாமானைத் தலைகீழாக எப்படி மாட்ட முடியும் என்று அப்புறம்தான் உறைத்தது. அவனைக் கூப்பிட்டு வந்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று கதவைத் தள்ளினேன்.

கதவு வரவில்லை. தோளால் இடித்தேன். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது, அதில் ஏணியின் கால் தெரிந்தது. வெளியே இருந்த குறுகலான நடையில், கதவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில், நான் உள்ளே இருப்பது தெரியாமல், அளவெடுத்துச் செய்ததுபோல் ஏணியைச் செருகிவிட்டு அந்த மகானுபாவன் டீ குடிக்கப் போயிருந்தான்.

அப்போது தெரு வாசலில் லாரி உறுமியது.

தண்ணீர் லாரி. காலையில் வந்து போகவேண்டியது, அன்று பிற்பகலில் வந்து சேர்ந்தது. அது பின்பக்கமாகவே சரிவில் இறங்கி, மடக்கைத் தாண்டி வாலை நுழைத்து, அங்கே குழாயை மாட்டித் தொட்டியை நிரப்பும். பின்னால் வரும்போது கூவ வேண்டிய அதன் மணி செத்து ஒரு வருஷம். ஓட்டுநர் காதில் வயரைச் செருகிக்கொண்டு யாரோடோ பேசிச் சிரித்தபடி தெருவிலிருந்தே நேராகச் சரிவுக்குள் பின்னால் விட்டார்.

"ஏய்! நிறுத்துப்பா! கீழே வண்டி!" என்று கத்தினேன். என் குரல் சாதாரணக் குரல் இல்லை, நாலு தெரு தள்ளிப் போகும் சைக்கிள்கூட ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். ஆனால் அந்த லாரியின் இரைச்சல் சுரங்கத்தில் பூதம் இருமியதுபோல் நிறைந்திருந்தது. கீழே ஜெனரேட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவளோ கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவள்.

பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன். கை இருக்கிறது. அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கையை இன்னும் விறைப்பாக நிமிர்த்தினேன். நில். கண்ணாடியைப் பார்த்தேன். வௌவால் கார் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா, நிற்கிறாள்.

லாரி பக்கம் திரும்பி மறுபடியும் கத்தினேன். பயனில்லை. அதன் தொட்டியின் வட்டமான பின்புறம் சரிவை அடைத்துக்கொண்டு இறங்கியது. மறுபடி கண்ணாடி. கார் அதே இடம்தான். ஆனால் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நகர்ந்த மாதிரியும் இல்லை, நகராத மாதிரியும் இல்லை. இட்லி வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் உப்புகிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி. அதற்குள் தரையின் கோடுகளைத் தேடினேன். காரின் அடியில், அதாவது அதன் தலைக்கு மேலே, முதலில் பார்த்தபோது நிறுத்துமிடத்து மஞ்சள் கோடு இருந்தது, இப்போது அதைக் காணோம். அடுத்த கோட்டையும் காணோம்.

அவள் வந்துகொண்டிருந்தாள். வந்துகொண்டேதான் இருந்தாள். அந்தக் குழிக் கண்ணாடியின் குணமே அதுதான். தூரத்தில் கார் ஒரு வீட்டு நீளம் ஓடினால் உள்ளே பிம்பம் கடுகளவு நகரும். கிட்ட வந்துவிட்டாலோ, கார் கடுகளவு நகர்ந்தால் பிம்பம் ஒரு வீட்டு நீளம் பாயும். நான் நிற்கிறாள் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் அவள் பாதித் தூரம் கடந்திருந்தாள்.

கையை ஆட்டினேன். நில், நில், நில்! உள்ளங்கையை முன்னும் பின்னும் தள்ளினேன். ஒரு காலத்தில் இந்த ஆட்டலுக்கு ரயிலே யோசித்திருக்கிறது.

கார் வேகம் எடுத்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நில் என்கிறேன், வருகிறாள். ஆட்டிச் சொல்கிறேன், இன்னும் விரைவாக வருகிறாள். வீம்புக்காக வந்து சாகிற அளவுக்கு என் மேல் என்ன கோபம் இவளுக்கு? இன்னும் ஆட்டினேன். கண்ணாடியில் கார் இன்னும் உப்பியது. தலைகீழான ஜன்னலுக்குள் தலைகீழாக அவள் முகம் தெரிந்தது. அதில் வீம்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளையின் முகம். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் புத்தி கதவைத் திறந்தது. எனக்கு அவள் தலைகீழாகத் தெரிகிறாள் என்றால், அவளுக்கு நான்?

என் கையை நானே பார்த்தேன். ஜன்னலிலிருந்து நீளமாக நீட்டிய கை, நுனியில் நிமிர்ந்த விரல்கள். மனசுக்குள் அதை அப்படியே கவிழ்த்துப் பார்த்தேன். நீளமாக நீட்டிய கை, நுனியில் தொங்கும் விரல்கள். ஆட்டினால்? வா. வா. சீக்கிரம் வா. இவ்வளவு நேரமும் நான் அவளை லாரிக்கு அடியில் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் செய்யவேண்டியது ஒன்றுதான். வா என்று காட்ட வேண்டும்.

சொல்வது சுலபம். பக்கத்தில் லாரி இறங்குகிறது. டீசல் புகை மூக்கில் ஏறுகிறது. தொட்டியின் விளிம்பு என் முழங்கையை நோக்கி வருகிறது. அது ஜன்னலை அடைந்தால் கையை உள்ளே இழுத்தாக வேண்டும், இழுத்த பிறகு அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. எதிரில் பெண்டாட்டி கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள். அவளைப் பார்த்து, விரல்களைத் தொங்கப்போட்டு, வா என்று கூப்பிட வேண்டும். என் கணக்கு தப்பாக இருந்தால் நானே கூப்பிட்டுக் கொன்றதாக ஆகும். காலமெல்லாம் நில் என்று நிமிர்ந்த கை மடங்கமாட்டேன் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், மணிக்கட்டு துருப்பிடித்த கீலைப்போல் நின்றது. இடது கையையும் கம்பி வழியே விட்டு வலது கையைப் பிடித்து அமுக்கினேன்.

விரல்கள் தொங்கின. அசைத்தேன். வா. வாம்மா. வா.

கண்ணாடியில் கார் குபீரென்று பொங்கியது. ஒரு சக்கரம் கண்ணாடி முழுவதையும் விழுங்கியது, பிறகு எல்லாம் கலங்கி வெறும் வெள்ளைப் பூச்சாகிவிட்டது. நின்றாளா, வந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. தொட்டியின் விளிம்பு என் சட்டைக் கையைக் கவ்வியது. இரண்டு கையையும் உள்ளே உருவினேன். மடிப்பு கிழிந்து லாரியோடு போயிற்று. ஜன்னல் இருட்டாகியது. எதிரில் தகரம்தான், ஈரமான, நடுங்குகிற தகரம். அது இன்னமும் கீழே போய்க்கொண்டிருந்தது.

மோட்டாருக்கு மேலே குழாய் ஸ்பேனர் கிடந்தது. எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டு அந்தத் தகரத்தில் ஓங்கிக் குத்தினேன். பாதி காலியான தொட்டி. கோயில் மணியைக் கிணற்றுக்குள் அடித்ததுபோல் முழங்கியது. குத்தினேன், குத்தினேன், கட்டடத்தின் அஸ்திவாரம் இரண்டு விரற்கடை இடம் மாறும்வரை குத்தினேன். கடைசியில் காற்று பிரேக் புஸ்ஸென்றது. தகரம் நின்றது. என்ஜின் அணைந்தது.

கீழே சத்தமே இல்லை.

ஜெனரேட்டர் இரைந்தது, ஆனால் அதெல்லாம் ஒரு சத்தமா? நான் காத்திருந்தது ஒரு கண்ணாடி உடையும் சத்தத்துக்கு அல்லது உடையாத சத்தத்துக்கு. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரை அவ்வளவு உரக்கச் சொன்னதே இல்லை. பதில் இல்லை. ஜன்னலில் தகரம், கதவில் ஏணி, நடுவில் கையில் ஸ்பேனரோடு ஒரு கிழவன்.

"யாருய்யா அது வண்டியைப் போட்டு இடிக்கறது?" மேலே ஓட்டுநரின் குரல்.

"கீழே பாருப்பா! கீழே கார் இருக்கு, என் சம்சாரம் இருக்கா. போய்ப் பாரு!"

"கீழே போக வழி ஏது பெரியவரே? வண்டியே அடைச்சு நிக்குது."

அதற்குள் கதவுப் பக்கம் ஏணி கடகடவென்று விழுந்தது. டீ டம்ளரோடு சல்லிசு நின்றான். அவனைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நடைவழியே மாடிப்படிக்குப் போய், படி இறங்கி, கார்களுக்கு நடுவே புகுந்து மடக்குக்கு வந்தேன்.

லாரியின் வால் மடக்கைத் தாண்டி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர்க் குழாயின் பித்தளை மூக்குக்கும் எங்கள் காரின் முகப்புக்கும் நடுவே ஒரு வாழைப்பழத்தை நீளவாக்கில் வைக்கலாம். உரித்த வாழைப்பழம். குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் காரின் பானெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கண் இன்னும் கண்ணாடியில்.

ஜன்னலைத் தட்டினேன். மெதுவாக இறக்கினாள்.

"லாரி மேல ஏறிப் போச்சுங்க" என்றாள். "என் கண்ணால பார்த்தேன். உருண்டையா, மேலே மேலே ஏறிப் போயிட்டே இருந்துது. நீங்களும் வா வான்னீங்க. இவ்வளவு அவசரமா கூப்பிடறாரேன்னு நானும் மிதிச்சேன். அப்புறம் திடீர்னு நில்லுன்னீங்க. ஏறிப் போன லாரி எப்படிங்க என் மூக்குக்கு முன்னாடி வந்துது?"

"அது இறங்கி வந்துதுடி. அந்தக் கண்ணாடியில இறங்கறது ஏறும். எல்லாமே தலைகீழ்."

"லாரி தலைகீழா தெரியலையே."

"உருண்டைக்கு ஏது தலை, ஏது கீழ்?"

பின்னால் வந்து நின்ற சல்லிசு அப்போதுதான் முதல்முறையாகத் தூரத்திலிருந்து தன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தான். அதில் தலைகீழாக டீ டம்ளரோடு ஒருவன் தொங்கினான். டம்ளரிலிருந்து டீ மட்டும் சிந்தவில்லை. "கடையில நேராத்தானே இருந்துது..." என்று முனகினான்.

"டேய்" என்றாள் அவன் அக்கா. தலையைத் திருப்பவில்லை. "நான் கீழே இறங்கினேன்னா உன்னை அதுக்குள்ள வச்சு மாட்டிடுவேன். போய்ச் சட்டையைக் கழட்டி அதை மூடுடா."

அவன் ஏணியைத் தூக்கப் பறந்தான். மேலே ஓட்டுநர் காது வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு லாரியைக் கிளப்பினார். பித்தளை மூக்கு பின்வாங்கியது. ஒரு சாண், ஒரு முழம், ஓர் ஆள் நீளம். மடக்குக்கு அப்பால் மறைந்தது. தெருவின் வெளிச்சம் சரிவில் இறங்கி வந்தது.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நில் என்று சொன்ன கணத்திலிருந்து அப்படியே மிதித்துக்கொண்டிருக்கிறாள். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"போதும்மா. காலை எடு."

அவள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதை நேரா சொல்றீங்களா, தலைகீழா சொல்றீங்களா?"

ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டேன். அதற்கப்புறம்தான் அவள் காலை எடுத்தாள்.